ஹெட்ஃபோனுக்குள்ள ஒரு ‘ஙொய்ய்’: மண்ணுக்குள் போன மின்சாரத்தின் கதை

இதை ஹெட்ஃபோன்ல கேட்டுட்டு இருக்கீங்கன்னா, ஒரு அஞ்சு செகண்டு நான் பேசாம இருக்கேன்.

என்ன கேட்டுச்சு? ஒண்ணும் கேக்கலைன்னா நீங்க கொடுத்து வச்சவங்க. சன்னமா ஒரு ‘ஙொய்ய்’, மவுஸை நகர்த்தினா கூடவே ஒரு ‘கிர்ர்’, இது கேட்டிருந்தா இந்த எபிசோடு உங்களுக்குத்தான்.

போன மாசம் சீர்காழியில பாட்டி வீட்டுல உட்கார்ந்து ஒரு பழைய கேசட்டைச் சுத்தம் பண்ணிட்டிருந்தேன். தாத்தா ரேடியோவிலிருந்து பதிவு பண்ணின சீர்காழி கோவிந்தராஜன் பாட்டுங்க. 1933-ல இதே ஊர்ல பிறந்தவர், ‘கர்ணன்’ படத்துல கிருஷ்ணனா வந்த என்.டி.ராமாராவுக்குக் குரல் கொடுத்தவர். ஊர்ல அவர் பேரைச் சொன்னா இன்னிக்கும் ஒரு மிடுக்கு வரும். ஆனா எனக்கு வேண்டியது பாட்டு இல்லை. பி பக்கத்தோட கடைசியில 40 செகண்டு தாத்தா பேசுறார். அவர் குரல்னு எங்ககிட்ட மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்.

சென்னையில ஒரு நண்பர் கேசட்டை டிஜிட்டல் ஃபைலா மாத்திக் கொடுத்திருந்தார். அதை வீட்டு டெஸ்க்டாப்பில போட்டா, தாத்தா குரலுக்குப் பின்னாடி ஒரு கீச்சு. கேசட் வீணாப்போச்சுன்னு நானே முடிவு பண்ணி ஃபில்டர் மேல ஃபில்டரா போட்டேன். கீச்சு போகலை, தாத்தாதான் போய்க்கிட்டே இருந்தார். மூணாவது ஃபில்டர்ல தகர டப்பாவுக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிட்டார். எதுக்கும் பார்ப்போம்னு மூல ஃபைலை போன்ல கேட்டேன். கீச்சே இல்லை! ஃபைல்ல இல்லாத சத்தத்தை ஃபைல்ல இருந்து எடுக்க ரெண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கேன்.

அப்போ அது எங்கிருந்து வந்தது? இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். 1838-க்கு.

மின்சாரம் போக ஒரு வழி வேண்டும், திரும்பி வர ஒரு வழி வேண்டும். அந்த வருஷம் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் ஷ்டைன்ஹைல் என்பவர், தந்திக்குத் திரும்பி வரத் தனிக் கம்பி வேண்டாம், பூமியே போதும் என்று கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே கல்கத்தாவில் ஓ’ஷாக்னசி என்ற ஐரிஷ் மருத்துவர் தன் தந்திச் சோதனையில் ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரையே சுற்றின் ஒரு பகுதியாக்கிக் காட்டினார். பாதிக் கம்பி மிச்சம். ‘கட்டு, கடா’ என்று தட்டும் தந்திக்கு அது தாராளமாகப் போதும்.

1876-க்குப் பிறகு வந்த டெலிபோனும் முதலில் இதே ஒற்றைக் கம்பியில்தான் ஓடியது. அங்கேதான் சிக்கல். தந்தி பொறுத்துக்கொண்ட இரைச்சலை மனுஷக் காது பொறுக்காது. அதற்குள் ஊர்களில் மின்சார டிராம் வேறு வந்துவிட்டது. (நம்ம சென்னையில 1895-ல வந்துச்சு.) டிராம் மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பும்போது கொஞ்சம் மண்ணில் கசியும். அதே மண்ணைத்தான் டெலிபோனும் திரும்பும் வழியாக வைத்திருந்தது. டிராம் கிளம்பினால் ரிசீவரில் ‘ஙொய்ய்’.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே வாய்க்கால்ல பத்து வயல் பாயுது. மேல ஒருத்தர் மோட்டாரைப் போட்டா கடைமடையில தண்ணி மட்டம் ஆடும். அவ்வளவுதான்.

அதற்குத் தீர்வு, திரும்பும் வழிக்கும் சொந்தமாக ஒரு கம்பி. அந்த இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுவதற்கு கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கினார். இரண்டும் வெளி இரைச்சலை ஏறக்குறைய ஒரே அளவில் வாங்கும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் பேச்சு மட்டும் மிஞ்சும். உங்க வீட்டு லேன் கேபிளை உரிச்சுப் பாருங்க, இன்னிக்கும் அதே முறுக்குதான்.

இப்போ கம்ப்யூட்டருக்கு வருவோம். ஆரம்பத்தில் பீசிக்கு ‘பீப்’ தவிர வேறு பாஷை தெரியாது. 1989-ல் சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்ற தனி அட்டையைக் கொண்டு வந்தது. 1997 வாக்கில் இன்டெலின் ஏசி 97 வரையறை வந்ததும், ஒலி மெல்ல மதர்போர்டிலேயே குடியேறியது. இன்டெலுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. டிஜிட்டல் பகுதியையும் அனலாக் பகுதியையும் அந்த வரையறை தனித்தனிச் சிப்பாகப் பிரித்தது. அனலாக் சிப்பை இரைச்சலிலிருந்து தள்ளி, ஜாக் பக்கத்தில் வைக்கலாம். 2004-ல் ஹெச்டி ஆடியோ வந்து எண்களையெல்லாம் கூட்டியது. ஆனால் பெட்டியில் ‘24 பிட்’ என்று அச்சடிப்பது சுலபம். கிரவுண்ட் தடத்தைக் கவனமாகப் பிரித்து வரையப் போர்டில் இடம் வேண்டும், இடம் என்றால் காசு. மலிவான போர்டில் வெட்டு விழுவது அங்கேதான்.

அதனால மவுஸை அசைச்சா பிராசசர் முழிக்குது, அது இழுக்கிற மின்சாரம் துள்ளுது, பொது கிரவுண்டில மட்டம் ஆடுது. அதோட, நம்ம சாதா ஹெட்ஃபோன் ஜாக்கில இடது, வலது ரெண்டுக்கும் திரும்புற வழி ஒண்ணுதான். டெலிபோன்காரங்க கைவிட்ட அதே பொது வாய்க்கால்!

நான் செஞ்சது இதுதான். முன்பக்க ஜாக்கிலிருந்து பிடுங்கிப் பின்பக்க ஜாக்கில சொருகினேன். முன் ஜாக்குக்குப் போற ஒயர் கேபினெட்டுக்குள்ள எல்லா இரைச்சலையும் உரசிக்கிட்டுப் போகுது. முக்கால்வாசிக் கீச்சு அங்கேயே செத்துச்சு. பயன்படுத்தாத மைக், லைன்-இன் ரெண்டையும் மியூட் பண்ணினேன். இன்னும் கொஞ்சம் குறைஞ்சது.

ஆனா அடியில ஒரு ‘உம்ம்’ இருந்துக்கிட்டே இருந்தது. பெட்டியோட தகரத்தைத் தொட்டா அது மாறும், விரல்லயும் ‘சுர்’ருனும். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பிளக்கைப் பார்த்தார். மூணு பின்னை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகி வச்சிருந்தோம். அதை மாத்திட்டுக் கொல்லைக்குப் போனார். “ஏன் தம்பி, எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தி எத்தனை வருஷமாச்சு?” கோடையில் களிமண் பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்தது. உப்பும் கரியும் போட்டு நாலு குடம் ஊத்தினோம். உம்ம் அடங்கிடுச்சு.

லேப்டாப் வச்சிருக்கிறவங்க முதல்ல சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. சத்தம் நின்னா கோளாறு கரண்ட் வர்ற வழியில. நிக்கலைன்னா, டிஜிட்டலை ஒலியா மாத்துற வேலையைப் பெட்டிக்கு வெளியே தள்ளுற ஒரு சின்ன யுஎஸ்பி ஆடியோ அடாப்டர் வாங்குங்க. சத்தம் போகுதேன்னு எர்த் பின்னை மட்டும் உடைச்சுடாதீங்க, உசுர் விஷயம்.

அன்னைக்கு ராத்திரி ஃபில்டர் எல்லாத்தையும் தூக்கிட்டு மூல ஃபைலை மறுபடி கேட்டேன். கேசட்டோட ‘ஸ்ஸ்’. அதுக்கும் அடியில மெதுவா ஒரு ‘டக்... டக்...’. போன்ல கூர்ந்து கேட்டா அதிலயும் இருக்கு. பாட்டி காதுல ஹெட்ஃபோனை மாட்டினேன். “கூடத்து ஃபேன்டா அது, ஆடிக்கிட்டேதான் ஓடும்”னாங்க.

அதை எடுக்கலை.