அறுமீனும் ஆண்டிசு உழவரும்

பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிசு மலையுழவர் சூன் 24-ஆம் நாளையொட்டி, விடியுமுன் அறுமீனை நோக்குவர். (நாம் கார்த்திகை என்பதும் இதுவே.) அது மங்கித் தோன்றின் மழை பிந்தும், குறையும் எனக் கொண்டு உருளைக்கிழங்கு நடுதலைத் தள்ளிவைப்பர்.

1608-ஆம் ஆண்டையொட்டிக் கெச்சுவா மொழியில் எழுதப்பெற்ற உவாரொச்சிரி ஏட்டிலும், இம்மீன்குழுவின் தோற்றங்கொண்டு வளமும் வறுமையும் அறிந்தமை காணப்படுகின்றது. பழஞ்சமயத்தை வேரறுக்க முனைந்த பிரான்சிசுகோ தெ ஆவிலா என்னும் பாதிரியாரோடு தொடர்புடைய ஏடு அது. அழிக்க எண்ணியவர் கைவழியே அவ்வறிவு எஞ்சியமை வியப்பேயாம்.

ஆர்லோவு, சியாங்கு, கேன் ஆகியோர் செயற்கைக்கோள் முகிற்பதிவுகளை உழவர் கூற்றோடு ஒப்பிட்டு, 2000-இல் 'நேச்சர்' இதழில் காரணங் காட்டினர். எல் நினோ ஆண்டுகளில் உயர்வானத்து மென்முகில் மிகுந்து மீனொளியைக் குறைக்கும், மழையும் குன்றும். எல்லா ஆண்டும் பலிப்பதன்று என ஐயுறுவோர் கூறலாம். மூடநம்பிக்கை என்றல் பொருந்தாது.