பயனாளியா, படைப்பாளியா? லண்டனில் மாற்றுத்திறனாளிகள் நடத்தும் கட்டடக்கலைப் பட்டறைகள்

இங்கிலாந்தில் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியனவாக்கும் முயற்சியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், கட்டட விதிகளின் ‘எம்’ பகுதி, 1995ஆம் ஆண்டின் பாகுபாட்டுத் தடைச் சட்டம், பின் அதன் இடத்தை ஏற்ற 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் என்று சட்டங்களின் வரிசையையே கூறிச் செல்வது வழக்கம். அவற்றின் பிரயோஜனத்தை மறுப்பார் இலர். எனினும், சாய்தளத்தின் சரிவு இவ்வளவுக்கு மேற்படலாகாது, கதவின் திறப்பு 800 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்னும் அளவைகளுக்கு நிமித்தமாக நிற்கும் மாற்றுத்திறனாளி, அக்கட்டடத்தைக் கற்பனை செய்தவருள் ஒருவராக அங்கு எங்கும் தென்படுவதில்லை. இவ்வகை அளவைகளுக்கு முன்னோடியான கைநூலை 1963இல் வெளியிட்ட செல்வின் கோல்ட்ஸ்மித், இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட கட்டடக்கலைஞர் என்பதை நினைத்தால், அனுபவம் விதியாக உறைந்தபின் அனுபவித்தவர் மறைந்துபோகும் விந்தை புலனாகும்.

இதற்கு மாறாக, பார்வைக் குறைபாடுடைய கலைஞர் சோயி பார்டிங்டனும் கட்டடக்கலை அறிஞர் ஜோஸ் பாய்ஸும் நிறுவிய ‘டிஸ்ஆர்டினரி ஆர்க்கிடெக்சர்’ அமைப்பின் பட்டறைகளில் மாற்றுத்திறனாளிக் கலைஞர்களே ஆசிரியர். கட்டடக்கலை மாணவரும் தொழில் புரிவோரும் கற்போர். ஒரு மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கும் பாவனைப் பயிற்சி பரிதாபத்தை வளர்க்குமேயன்றி ஞானத்தை வளர்க்காது என்பது என் அபிப்பிராயம். ஆசிரியப் பீடத்தில் அமர்வது வேறு.

இந்த வேறுபாட்டின் அவசியத்தைச் சவுத் கென்சிங்டனின் எக்சிபிஷன் சாலை தெளிவாக்கும். அருங்காட்சியகங்களுக்கு நடுவே செல்லும் அச்சாலையைப் புதுப்பித்தபோது விளிம்புக்கல்லை நீக்கி முழுதும் ஒரே தளமாக்கினர். சக்கர நாற்காலியில் வருவோர்க்கு அது சௌகரியம். வெண்கோலின் நுனியால் விளிம்பைத் தேடி நடப்பவர்க்கோ, நடைபாதை முடிந்து வண்டிப்பாதை தொடங்கும் இடமே அழிந்தது. பார்வையற்றோர் சார்பில் எதிர்ப்பு எழுந்தது. குறைந்தது 60 மில்லிமீட்டர் உயரமிருந்தால்தான் விளிம்பு காலுக்குத் திண்ணமாகத் தட்டுப்படும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் 2009ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அதே 60 மில்லிமீட்டர் சக்கரத்துக்குத் தடை. ஓருடலின் சௌகரியம் மற்றோருடலுக்கு அபாயமாகும் இத்தகைய பிரச்சினையை ஒற்றை எண்ணால் தீர்க்க இயலாது. முதற்கோடு வரையப்படும்போதே இருவரும் மேசையில் இருந்தாலன்றி, பின்னர் நடப்பதெல்லாம் சமரசமும் வழக்குமே.

அவ்வாறு மேசையில் இடம் தரும் முயற்சியாக, அதே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பார்ட்லெட் கட்டடக்கலைப் பள்ளியில் 2019இல், பார்வையற்ற பயிற்றுநர்களின் பங்கோடு, பார்வையற்றோர்க்கென ஒருவாரப் படிப்பு நடைபெற்றது. கட்டடக்கலைஞராக வழக்கமாக ஏழாண்டுகள் வேண்டும் நாட்டில் ஒரு வாரத்தால் ஆவதென்ன என்னும் ஆட்சேபம் நியாயமானதே. எனினும், பார்வையிழந்தபின்னும் தொழிலைத் தொடரும் போர்ச்சுகல் கட்டடக்கலைஞர் கார்லோஸ் மூராவோ பெரேராவின் உதாரணம், பார்வையற்றவர் கட்டடக்கலைஞராக இயலுமா என்னும் வினாவுக்கு விடையளித்துவிட்டது. எஞ்சி நிற்பது அனுமதியின் பிரச்சினை. விரலால் தடவி அறியும் மாதிரியுருவும் வாய்மொழி விவரணையும் தேர்வாளர் முன் வரைபடத்துக்கு நிகரான சான்றாக ஏற்கப்படாதவரை, அந்த ஒரு வாரத்தைப் பயின்றவர்க்கு அடுத்த படி எது என்பதற்குக் கட்டடக்கலைப் பள்ளிகளே விடை கூறவேண்டும்.