அரை இஞ்ச் சரித்திரம்

புதுச்சேரி கவர்னர் மாளிகைக்கு எதிரே பாரதி பூங்கா. அதன் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, ஆயி மண்டபம்... புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் அதுதான். யார் இந்த ஆயி? ஒரு தாசி! விளக்கொளியில் ஜொலித்த அவள் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம் கிருஷ்ணதேவராயர். விஷயம் தெரிந்ததும் வந்ததே கோபம்! 'வீட்டை இடி' என்று உத்தரவு. 'நானே இடிக்கிறேன்' என்றாள் ஆயி. இடித்த இடத்தில் ஊருக்காக ஒரு குளமும் வெட்டினாள்.

இது செவிவழிக் கதை. அடுத்தது சரித்திரம். மூன்றாம் நெப்போலியன் (1852-1870) காலத்தில் புதுச்சேரியில் குடிநீர்ப் பஞ்சம். லாமைரெஸ் என்ற பிரெஞ்சு இன்ஜினீயர், சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அதன் ஞாபகார்த்தம்தான் மண்டபம்.

சொந்த வீட்டையே தன் கையால் இடித்தவள் வாழ்ந்த ஊர். அங்கே ஒரு பழைய பித்தளைக் குழாயைக் கழற்ற பிளம்பருக்காக நாலு நாள் காத்திருக்கலாமா?

குழாய்க்கு பிரெஞ்சில் 'ரொபினே' என்று பெயர். 'ரொபேன்' என்பது அந்தக் காலத்தில் ஆட்டுக்கு வைத்த செல்லப் பெயர். குழாயின் வாயை ஆட்டுத்தலை மாதிரி செய்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயருக்கு அது சேவல்! ஹார்டுவேர் கடையில் 'பிப் காக்' என்கிறோமே, அந்த 'காக்' அதுதான். திருகித் திறக்கும் குழாய்க்கு 1845-ல் காப்புரிமை வாங்கியது இங்கிலாந்தின் ராதர்ஹாம் ஊர்க் கம்பெனி, கெஸ்ட் அண்டு கிரைம்ஸ்.

இனி வேடிக்கை. 1795-லேயே மீட்டரைச் சட்டமாக்கிய நாடு பிரான்ஸ். ஆனால் பைப் மரையில் மட்டும் அது இங்கிலாந்திடம் சரண்! விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841-ல் வகுத்த 55 டிகிரி மரைக் கோணம்தான் பிரெஞ்சுக் குழாயிலும். நம் 'அரை இஞ்ச்' அவர்களுக்கு '15/21'. உள்துளை சுமார் 15 மில்லிமீட்டர், மரையின் வெளிவிட்டம் சுமார் 21. ஆகவே ஸ்கேலை வைத்து மரையை அளந்துவிட்டு 'முக்கால் இஞ்ச் கொடுப்பா' என்று கேட்டுவிடாதீர்கள். அரை இஞ்ச் குழாயின் மரை முக்கால் இஞ்சைவிடவே பெரிசு!

கழற்றும் முன் ஒரு கேள்வி. வாய் வழியே சொட்டுகிறதா? பெரும்பாலும் வாஷர்தான் தேய்ந்திருக்கும். அதை மாற்றினால் போதும். உடம்பில் விரிசல், மரை தேய்மானம் என்றால் மட்டும் முழுசாகக் கழற்றுங்கள்.

முதலில் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். மரை சேருமிடத்தில் துரு விடவைக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருங்கள். பிறகு ரெஞ்சைப் பிடித்து இடப்பக்கம் திருப்புங்கள். பைப் சுவருக்கு வெளியே தெரிந்தால், இன்னொரு ரெஞ்சால் அதை அசையாமல் பிடித்துக்கொள்ளணும். அசையவில்லையா? லேசாகத் தட்டி, மறுபடி எண்ணெய். ரெஞ்சு பிடியில் நீளமான பைப்பைச் சொருகி பீமசேனன் வேலை காட்டினீர்களோ, போச்சு! சுவருக்குள் துருப்பிடித்த ஜி.ஐ. பைப் முறிந்தால், ஐந்து நிமிஷ வேலைக்குச் சுவரையே உடைக்க வேண்டிவரும். பிடிவாதமாக நின்றால் பிளம்பரைக் கூப்பிடுவதில் வெட்கமில்லை.

கழன்று வந்ததும் உள்மரையில் ஒட்டிய பழைய சணலைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். புதுக்குழாயின் மரையில், அது திருகும் திசையிலேயே டெஃப்லான் டேப்பைச் சுற்றி, கையால் ஏற்றி, கடைசியில் மட்டும் ரெஞ்ச். வால்வை மெதுவாகத் திறங்கள்.

கழற்றிய பித்தளையை உடனே காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். கனத்தைக் கையில் வைத்துப் பாருங்கள். வாஷர் மாற்றித் தோட்டத்துக்குப் போட்டால் இன்னும் ஒரு தலைமுறைக்குத் தண்ணீர் கொடுக்கும்!