ஒரு சிற்றூர் காட்டிய வழி

மக்கள் யாவரும் ஒரே வகையாக எண்ணுவதும் உணர்வதும் இல்லை. சிலர் சொற்களினும் எண்களிலே இன்பங் காண்பர். சிலர் கூட்டத்தின் இரைச்சலைத் தாங்கார். சிலர்க்கு நாளின் ஒழுங்கு சிறிது மாறினும் உள்ளம் கலங்கும். மூளையின் அமைப்போடு வரும் இத்தகைய வேறுபாடுகளை மனித குலத்தின் இயல்பான பன்மையாகக் கொள்ளவேண்டும் என்னுங் கருத்து, ‘நரம்பியற் பன்மை’ என்னும் பெயரோடு 1990ஆம் ஆண்டுகளிலே பரவலாயிற்று. அப்பெயர் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, அதன் பொருளை ஒரு சிற்றூர் தன் ஒழுக்கத்தினாற் காட்டத் தொடங்கியிருந்தது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள போரெஸ்ற் என்பதே அவ்வூர். 1933ஆம் ஆண்டில் அங்கே டொனல்ட் திரிப்பிலெற் என்பவர் பிறந்தார். தந்தையார் சட்டத்தரணி, தாயாரின் குடும்பத்தினர் ஊர் வங்கியின் உடைமையாளர். குழந்தை தாயின் முகம் நோக்கி மகிழ்ந்ததில்லை. உருண்டை வடிவான பொருள்களைச் சுழலவிட்டுக் களித்தது. கேட்டவற்றையெல்லாம் பிழையின்றி ஒப்புவித்தது. அக்கால வழக்கப்படி, 1937இல் அக்குழந்தை தொலைவிலுள்ள ஒரு நிலையத்தில் விடப்பட்டது. அங்கே அது அசைவற்று, எதிலும் நாட்டமின்றி இருந்தது. ஏறக்குறைய ஓராண்டின் பின், நிலையத்தார் தடுத்தும் கேளாது, பெற்றோர் தம் மகனை வீட்டுக்கு மீட்டனர்.

தந்தையார் மகனின் இயல்புகளை 33 பக்கங்களில் எழுதி, போல்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலிருந்த சிறுவர் உளநோய் வைத்தியர் லியோ கானருக்கு அனுப்பினார். கானர் 1943இல் 11 சிறுவரைப் பற்றி வெளியிட்ட கட்டுரையே ஓட்டிசம் என்னும் நிலையை மருத்துவ உலகுக்கு விளக்கிய முதன்மையான கட்டுரைகளுள் ஒன்றாயிற்று. அதில் முதலாவதாக விவரிக்கப்பட்டவர் டொனல்ட்.

பெயர் கிடைத்தது, ஆயின் அதனோடு ஒரு பழியும் வந்து சேர்ந்தது. பெற்றோரின், சிறப்பாகத் தாயரின், அன்பின்மையே இந்நிலைக்குக் காரணம் என்னுங் கொள்கை பல ஆண்டுகள் செல்வாக்குப் பெற்றது. கானரின் எழுத்துக்களும் அதற்கு இடந்தந்தன. ஓட்டிசமுள்ள ஒரு மகனின் தந்தையாகிய உளவியலாளர் பேர்னாட் றிம்லண்ட் 1964இல் எழுதிய நூல் அக்கொள்கையை வன்மையாக மறுத்தது. 1969இற் கானரே பெற்றோர் அவையின்முன் அவர்களைக் குற்றமற்றோர் என்றார். அதற்குள் எத்தனையோ தாய்மார் செய்யாத குற்றத்துக்காக வருந்திவிட்டனர்.

டொனல்டின் வாழ்வைத் திருப்பியவர்கள் எழுத்தறிவிற் சிறந்தோரல்லர். ஊருக்கு 10 மைல் தொலைவில் வாழ்ந்த உழவரும் அவர் மனைவியுமே. 1942இற் சிறுவன் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டான். எதையும் அளந்துபார்க்கும் அவன் விருப்பத்தைக் கண்டு, அவர்கள் அவனைக் கிணறு தோண்டி அதன் ஆழத்தைக் கூறச் செய்தனர். சோள நிரைகளை ஓயாது எண்ணியபோது, எண்ணிக்கொண்டே அவற்றை உழுமாறு விட்டனர். 1945இல் அங்கு சென்ற கானர், அவன் குதிரையையும் ஏரையும் நடத்திய திறங்கண்டு வியந்தார். சிறுவனின் இயல்பை ஒடுக்காமல், அதற்கேற்ற வேலையைக் கொடுத்ததே அவர்கள் கையாண்ட முறையாகும்.

பின்னர் டொனல்ட் உயர்நிலைப் பாடசாலையிற் பயின்றார். 1958இல் பிரெஞ்சு மொழியிற் பட்டம் பெற்றார். குடும்ப வங்கியிலே தொழில் செய்தார். 27ஆம் வயதிற் கார் ஓட்டக் கற்றார். தனியே உலகின் பல நாடுகளுக்குஞ் சென்றுவந்தார். ஊரார் அவரைத் தம்மில் ஒருவராகவே கொண்டனர். அவரைப் பற்றி எழுதவந்த செய்தியாளரிடம், அவருக்குத் தீங்கு நேர்ந்தாற் பொறுக்கமாட்டோம் என்று எச்சரித்தோரும் உளர். 2023இல் தம் 89ஆம் வயதில் அவர் காலமானார்.

மற்றையோர் நிலை யாது? 28 ஆண்டுகளின் பின், 1971இற் கானர் அப்பதினொருவரின் வரலாற்றை மீண்டும் ஆராய்ந்தார். அரச நிலையங்களில் அடைக்கப்பட்டோர் இளமையிற் காட்டிய ஒளியை இழந்து கிடந்தனர் என்பதைத் துயரத்தோடு பதிவுசெய்தார். டொனல்டுக்குச் செல்வமும் செல்வாக்கும் இருந்தன. அவர்கட்கு அவ்வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இன்னொரு செய்தியும் எண்ணத்தக்கது. பாடசாலைச் சுவரில் எத்தனை செங்கல் உண்டு என மாணவர் கேட்டபோது, டொனல்ட் கணப்பொழுதில் ஒரு தொகையைக் கூறினாராம். அது ஊரெங்கும் அதிசயமாகப் பேசப்பட்டது. அத்தொகை தாம் புனைந்தது என்பதையும், பிறர் தம்மை நன்கு மதிக்கவேண்டுமென்றே அவ்வாறு கூறியதையும் முதுமையில் அவர் வெளியிட்டார். வியத்தகு ஆற்றல் இருந்தாலன்றி மதிப்பில்லை என்று ஒரு மாணவன் எண்ண நேர்ந்தமை, அன்புமிக்க அவ்வூரிலும் எஞ்சிநின்ற குறையேயாகும். பேசவியலாதவரும் வாழ்நாள் முழுவதும் துணைவேண்டுவோரும் அதே மதிப்புக்கு உரியவரே.

இம்மதிப்பு ஒருவர் பிறந்த குடும்பத்தையோ வாய்த்த அயலாரையோ பொறுத்ததாய் இருத்தலாகாது. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம் பிறரோடு ஒன்றாய்க் கற்பதையும் சமூகத்திற் கலந்து வாழ்வதையும் உரிமைகளாக வகுத்தது. இலங்கை 2016இல் அதனை ஏற்று உறுதிசெய்தது. சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே வரும் பிள்ளைக்கு ஏற்ற வேலையையும் இடத்தையும் கண்டு கொடுப்பது, அவ்வுழவர் இல்லத்திற்போலவே, அருகிலிருப்போர் கையில் உள்ளது.