டச்சுக்காரன் அடித்த பெருமாள் காசு

ஊரில் உங்க பாட்டி நகைப்பெட்டியில், சுண்டுவிரல் நகம் அளவில், ஒரு பக்கம் சாமி, மறுபக்கம் வெறும் புள்ளி புள்ளியா ஒரு தங்கக் காசு இருந்தா, உருக்கித் தோடு செய்யறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க.

அது வராகன். அதில் ஒரு வகையை அடிச்சது டச்சுக் கம்பெனிக்காரன்!

டச்சுக்காரனுக்கு சொந்தத் தங்கக் காசு இல்லாம இல்லை. அது பேரு டுகாட். ஒரு பக்கம் வாளோட நிற்கிற வீரன், மறுபக்கம் கட்டத்துக்குள்ள லத்தீன் எழுத்து. எடை சுமார் மூன்றரை கிராம். தேக்காவில் 916ன்னு பார்த்து வாங்குறோமே, டுகாட் 980க்கும் மேல. அவ்வளவு சுத்தம். ஆனா சோழமண்டலக் கரையில் துணி வாங்கணும்னா, நெசவாளிக்கும் வியாபாரிக்கும் பழகின காசு வராகன்தான். அந்தத் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தாத்தான் கிழக்குத் தீவுகள்ல கிராம்பு, ஜாதிக்காய் கிடைக்கும். அதனால பழவேற்காட்டிலும், 1658ல் போர்த்துகீசியர்கிட்ட இருந்து பிடிச்ச நாகப்பட்டினத்திலும் அக்கசாலை வச்சு அவனே வராகன் அடிச்சான். ஜப்பான்ல இருந்து தங்கத்தைக் கப்பல்ல கொண்டுவந்துகூட உருக்கினாங்க.

இதுல எனக்கு ஆச்சரியம் ஒன்னு. அவங்க மதத்துல தேவாலயத்துக்குள்ள சிலையே வைக்கக் கூடாது. 1566ல் அவங்க நாட்டுலேயே சிலைகளை உடைச்சுத் தள்ளினாங்க. அந்த ஊர்க் கம்பெனி இங்கே வந்து பெருமாளைக் காசில் அடிக்குது. பக்தின்னு சொல்ல மாட்டேன், சாமி இல்லாத காசைச் சந்தையில் எவன் வாங்குவான்? நம்ம ஜனங்க நம்பிக்கைக்கு அவன்தான் இறங்கி வந்தான். 1781ல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை நாகை அவன் கையில். நம்ம தாத்தாமார் பின்னாளில் ரஜூலா கப்பல் ஏறினாங்களே, அதே நாகப்பட்டினம்தான்.

வராகன்ல தங்கச் சுத்தம் டுகாட்டைவிடக் குறைவு. அதனால உருக்கினா கையில் வர்றது கொஞ்சம்தான், ஒரு சரித்திரம் போயிடும். புளி போட்டுத் தேய்க்காதீங்க, சேகரிக்கிறவங்க மதிப்பே குறைஞ்சிடும். வளையம் பற்ற வைக்காதீங்க. போலியும் நிறைய உலவுது, தெரிஞ்சவர்கிட்ட காட்டாம விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

இன்னொன்னு முக்கியம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு இந்தியச் சட்டப்படி தொல்பொருள். 1972ல் வந்த சட்டம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் போட்டு சிங்கப்பூருக்குக் கொண்டு வந்துடாதீங்க, ஏர்போர்ட்டில் மாட்டிக்குவீங்க. அங்கேயே பத்திரமா இருக்கட்டும். எடை பார்த்து, ரெண்டு பக்கமும் தெளிவா போட்டோ எடுத்துட்டு வாங்க.