பல படங்களால் ஆன ஒரு படம்



நான் தலைமை ஆசிரியனாக இருந்த பள்ளியில், ஆண்டுதோறும் ஆசிரியர் அனைவரும் கூடிப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். ஓராண்டு தமிழாசிரியர் காய்ச்சலால் வர இயலவில்லை. அவரைப் பின்னர்த் தனியே எடுத்து, எங்கள் வரிசையில் சேர்த்துவிடும்படி படப்பிடிப்பாளரிடம் சொன்னேன். படம் சுவரில் ஏறியது, ஒருவரும் ஐயுறவில்லை. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் அதனை நெடுநேரம் உற்றுநோக்கி, "ஐயா, எல்லார் முகத்திலும் வெயில் இடப்புறம் விழுகிறது; தமிழையா முகத்தில் மட்டும் வலப்புறம் விழுகிறதே?" என்றான். அவனுக்கு விடை கூறும் பொருட்டே இக்கலையின் வரலாற்றை நான் படிக்கத் தொடங்கினேன்.

தாம் எடுத்த படங்களை இணைத்துப் புதுப்படம் ஆக்கும் முறை கணிப்பொறியோடு பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று, அது நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது.

1851ஆம் ஆண்டில் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசை போன்ற நீர்மத்தைப் பூசிப் படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். தெளிவான படம் தந்த அம்முறையில் ஒரு குறையும் இருந்தது. அத்தகடு நீல ஒளியை மிக விரைவில் ஏற்கும். ஆகவே, நிலமும் கடலும் நன்கு பதியும் வரை காத்திருந்தால், வானம் மேகமின்றி வெறும் வெண்மையாகிவிடும். பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே இதற்கு ஒரு வழி கண்டார். 1856, 1857ஆம் ஆண்டுகளில் அவர் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில், கடலுக்கு ஒரு தகடும் வானத்திற்கு வேறொரு தகடும் பயன்படுத்தி, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். குறையே கலைக்கு வாயில் ஆயிற்று.

அவ்வாயிலில் துணிந்து நுழைந்தவர், சுவீடனில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஆஸ்கார் ரெய்லாண்டர். 1857இல் அவர் ஆக்கிய 'வாழ்வின் இரு வழிகள்' என்னும் படத்தில், முதியவர் ஒருவர் இரண்டு இளைஞரை உலகிற்கு அழைத்து வருகிறார். ஒருவன் உழைப்பையும் மற்றவன் களியாட்டத்தையும் நாடுகின்றான். இத்தனை பேரை ஒரே நேரத்தில் அசையாது நிறுத்திப் படம் எடுத்தல் அக்காலத்தில் அரிது. ஆதலால் அவர்களைச் சிறு சிறு குழுக்களாக, முப்பதுக்கும் மேற்பட்ட தகடுகளில் எடுத்தார். பின்பு தாளின் ஒரு பகுதியை மட்டும் திறந்து, ஏனையவற்றை மூடி, ஒரு தகட்டின் வழியே வெயில் படச் செய்தார். அப்பகுதியை மூடி அடுத்ததைத் திறந்தார். ஓரிடத்தில் பிழைத்தால் முழுத் தாளும் வீணாகும். ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்து முடித்த அப்படம் மான்செஸ்டர் நகரக் கலைக் கண்காட்சியில் வைக்கப்பெற்றது. விக்டோரியா அரசியார் அதன் படி ஒன்றை விலைக்கு வாங்கினார்.

புகழோடு பழியும் வந்தது. ஆடையற்ற உருவங்களைச் சிலர் வெறுத்தனர். ஒட்டிச் சேர்த்தது உண்மையாகுமா என்று சிலர் கேட்டனர். ரெய்லாண்டர் தம் முறையை மறைக்கவில்லை. 1858இல் இலண்டன் புகைப்படச் சங்கத்தில் அதனை விளக்கி உரையாற்றினார். அவ்வாண்டே ஹென்றி பீச் ராபின்சன், நோயால் இறக்கும் ஓர் இளம்பெண்ணின் காட்சியை ஐந்து தகடுகளால் ஆக்கினார். நடித்த பெண்ணோ நல்ல உடல்நலம் உடையவள். மரணத் துயரைக் கடை விரிக்கலாமா என்று மக்கள் அவரையும் சினந்தனர். ஓவியன் அதே காட்சியை வரைந்திருந்தால் எவர் சினந்திருப்பார்? புகைப்படம் என்றதும், நடந்ததையே காண்கிறோம் என்று நாம் நம்பிவிடுகிறோம். அந்நம்பிக்கையே இக்கலையின் வலிமை. அதன் ஆபத்தும் அதுவே.

2003ஆம் ஆண்டு ஈராக்கில் போர் நிகழ்ந்தபோது, அமெரிக்க நாளிதழ் ஒன்றின் படப்பிடிப்பாளர், சற்று முன்பின்னாகத் தாம் எடுத்த இரு படங்களைக் கணிப்பொறியில் இணைத்துச் செய்திப் படமாக அனுப்பினார். அது வெளியான பின் உண்மை தெரியவந்தது; அவர் வேலை இழந்தார். இரண்டும் அவர் எடுத்த படங்களே. எனினும் அவ்விரண்டும் சேர்ந்த அக்கணம் உலகில் நிகழவே இல்லை. ரெய்லாண்டர் செய்ததும் இணைப்பே, இவர் செய்ததும் இணைப்பே. முன்னவர் கற்பனையைக் கற்பனை என்றே காட்டினார். பின்னவர் அதனைச் சான்றாக நீட்டினார்.

நீங்களும் இக்கலையைக் கற்கலாம். ஒளி ஒரே திசையிலிருந்து வருகிறதா, அண்மையும் சேய்மையும் அளவில் பொருந்துகின்றனவா, நிழல் உரிய இடத்தில் விழுகிறதா என்று ஆராய்ந்து பழகுங்கள். இவற்றைக் கற்ற கண், பிறர் செய்யும் பொய்யையும் எளிதில் காணும். இணைத்ததை இணைத்தது என்று சொல்லும் துணிவையும் உடன் கற்றுக்கொள்ளுங்கள்.

அம்மாணவன் வினவிய மறுநாளே, எங்கள் பள்ளிப் படத்தின் அடியில் ஒரு வரி எழுதி வைத்தேன்: 'தமிழாசிரியர் உருவம் பின்னர்ச் சேர்க்கப்பெற்றது.' அதனால் படத்தின் அழகு குறையவில்லை.