நாடி பார்ப்பதா, நெஞ்சை அழுத்துவதா?

ஒருவர் திடீரென மயங்கி விழுந்தால் அருகில் இருப்பவர் முதலில் பிடிப்பது அவருடைய மணிக்கட்டைத்தான். "நாடி இருக்கிறதா பார்" என்ற குரல் கூட்டத்திலிருந்து எழும். உயிர் போய்விட்டது என்பதையே "நாடி அடங்கிவிட்டது" என்று சொல்வது தமிழர் வழக்கு. உயிருக்கு நாடியே சாட்சி என்ற எண்ணம் நம் பேச்சிலேயே ஊறியிருக்கிறது.

ஆனால் இன்றைய முதலுதவி விதிகள், மருத்துவப் பயிற்சி இல்லாதவர்கள் நாடியைத் தேடவே வேண்டாம் என்று கூறுகின்றன. இதயத்திற்கு மின் அதிர்ச்சி கொடுத்த மருத்துவர்கூட உடனே நாடி பார்க்கக் கூடாது என்பது விதி. இவ்வளவு பழமையான ஒரு பழக்கத்தை மருத்துவ உலகம் ஏன் கைவிட்டது? அதன் வரலாறு, புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் போன்ற ஊர்ப்புறங்களில் வாழ்வோர் அவசியம் அறிய வேண்டிய ஒன்றாகும்.

மூன்று விரல்களின் கலை

சித்த மருத்துவத்தில் நாடி பார்த்தல் ஒரு தனிக் கலை. மணிக்கட்டில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் வைத்து முறையே வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நிலையை வைத்தியர் அறிவார். ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் பார்ப்பது மரபு. இதற்கு அமைதியான சூழல் வேண்டும்; பொறுமை வேண்டும்; நீண்ட நாள் பழக்கமும் வேண்டும்.

அதாவது, உயிரோடு இருப்பவரின் உடல்நிலையை அறியவே இக்கலை வளர்ந்தது. உயிர் போகும் தறுவாயில், கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே, சில விநாடிகளில் முடிவெடுக்க உருவானதல்ல. இந்த வேறுபாட்டை மனதில் கொண்டால் பின்னால் நடந்தவை எளிதில் விளங்கும்.

பிரெஞ்சு ஆட்சியும் புதிய மருத்துவமும்

வில்லியனூரும் பாகூரும் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சுக்காரர் வசமான பகுதிகள். 1880இல் இவை 'கொம்யூன்' என்னும் நிர்வாக அமைப்பிற்குள் வந்தன. கொம்யூன் பஞ்சாயத்து என்று அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. 1823இல் புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. இன்றைய ஜிப்மர் மருத்துவமனை தன் தொடக்கத்தை அந்தப் பள்ளியிலிருந்தே கணக்கிடுகிறது. 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாக இருந்து, 1964இல் ஜிப்மர் என்ற பெயரை அது பெற்றது.

அதே 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் நாடியைப் பற்றிய பார்வையும் மாறிக்கொண்டிருந்தது. 1816இல் லென்னக் என்ற மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கினார். 1860இல் எத்தியென் ழூல் மாரே, மணிக்கட்டுத் துடிப்பைத் தாளில் கோடாக வரையும் கருவியைச் செய்தார். விரலின் உணர்வு மட்டும் போதாது, துடிப்பைக் கண்ணால் காண வேண்டும் என்ற எண்ணம் அப்போதே தோன்றிவிட்டது எனலாம்.

கொல்லும் மின்சாரம், காக்கும் மின்சாரம்

மின்சாரம் பரவத் தொடங்கியதும் புதிய வகை மரணங்கள் வந்தன. மின்கம்பியைத் தொட்டவர், உடலில் பெரிய காயம் ஏதும் இல்லாமலே இறந்து போனார். காரணம், இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் புழுக்கள் நெளிவது போல நடுங்குவதே. இதற்கு வெண்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளாது. எனவே நாடியும் இருக்காது. மாரடைப்பின்போது ஏற்படும் திடீர் மரணங்கள் பலவற்றுக்கும் இந்த நடுக்கமே காரணம்.

1899இல் ஜெனீவாவில் பிரெவோ, பத்தெல்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். சிறிய மின் அதிர்ச்சி நாயின் இதயத்தை நடுங்க வைத்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சியோ அந்த நடுக்கத்தை நிறுத்தியது! இதுவே டிஃபிப்ரிலேட்டரின் விதை. ஆயினும் அது மனிதரைக் காக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. 1947இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர், அறுவை சிகிச்சையின்போது இதயம் நின்றுபோன 14 வயதுச் சிறுவனின் மார்பைத் திறந்து, இதயத்தைக் கையால் பிசைந்து, மின் அதிர்ச்சி கொடுத்துப் பிழைக்க வைத்தார். 1956இல் பால் சோல், மார்பைத் திறக்காமலே அதிர்ச்சி கொடுத்துக் காட்டினார். 1962இல் பெர்னார்ட் லவுன், பாதுகாப்பு மிகுந்த நேர்மின்னோட்ட முறையைக் கொண்டுவந்தார்.

நாயின் உடலில் தெரிந்த உண்மை

இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பம் தற்செயலாக நிகழ்ந்தது. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கூவன்ஹோவன் என்பவர் டிஃபிப்ரிலேட்டரை ஆராய்ந்து வந்தார். அவர் மருத்துவர் அல்லர், மின் பொறியாளர். 1958இல் அவருடைய குழுவைச் சேர்ந்த கை நிக்கர்பாக்கர், நாயின் மார்பில் மின்தகடுகளை அழுத்தி வைத்தபோது ஒன்றைக் கவனித்தார். மின்சாரம் பாயும் முன்பே, வெறும் அழுத்தத்திலேயே நாயின் இரத்த அழுத்தம் உயர்ந்தது.

அப்படியானால் மார்பை வெளியிலிருந்து அழுத்தியே இரத்தத்தை ஓட வைக்கலாமே! ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவை மருத்துவரும் சேர, மூவரும் 1960இல் தம் கட்டுரையை வெளியிட்டனர். அதில் கூறப்பட்ட 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்திருந்தனர். கருவி எதுவும் தேவையில்லை, இரண்டு கைகள் போதும் என்பதே அக்கட்டுரையின் சாரம். இன்று சி.பி.ஆர். என்று அழைக்கப்படும் முதலுதவியின் அடித்தளம் இதுவே.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சியது. எப்போது அழுத்தத் தொடங்குவது? நாடி இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் என்று அன்றைய பாடங்கள் கூறின. மணிக்கட்டில் துடிப்பு எளிதில் மறைந்துவிடும் என்பதால், கழுத்தில் உள்ள பெரிய தமனியைத் தொட்டுப் பார்க்கக் கற்பித்தார்கள். பல ஆண்டுகள் யாரும் இதைக் கேள்வி கேட்கவில்லை.

விரல் தோற்ற சோதனை

1990களில் ஜெர்மனியில் சிலர் அக்கேள்வியைக் கேட்டார்கள். இதய அறுவை சிகிச்சையின்போது இரத்த ஓட்டத்தை ஓர் இயந்திரம் ஏற்று நடத்தும். அந்நேரத்தில் நோயாளி உயிரோடு இருப்பார். ஆனால் நாடி துடிக்காது. இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, முதலுதவிப் பயிற்சி பெற்ற 200க்கும் மேற்பட்டோரை அழைத்து, துடிப்பு உள்ளதா இல்லையா என்பதைச் சொல்லாமல், கழுத்தைத் தொட்டுக் கூறச் செய்தனர். 1996இல் முடிவு வெளியானது.

நாடி இல்லாதபோது 10 பேரில் ஒருவர் 'இருக்கிறது' என்றார். உண்மையில் நடந்திருந்தால் அந்த நோயாளிக்கு உதவியே கிடைத்திருக்காது. நாடி இருந்தபோது 45 விழுக்காட்டினர் 'இல்லை' என்றனர். 10 விநாடிகளுக்குள் சரியாகச் சொன்னவர்கள் மிகச் சிலரே. பதற்றத்தில் சிலர் தம் விரல் நுனியின் துடிப்பையே நோயாளியின் நாடி என்று எண்ணிவிடுவதும் உண்டு.

இத்தகைய ஆய்வுகளின் விளைவாக, 2000ஆம் ஆண்டில் அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் பொதுமக்களுக்கு நாடிப் பரிசோதனையை நீக்கின. மருத்துவப் பணியாளர்களுக்கும் 10 விநாடிகளே வரம்பு. அதற்குள் உறுதியாகத் தெரியாவிட்டால் நாடி இல்லை என்றே கொண்டு நெஞ்சை அழுத்த வேண்டும்.

அதிர்ச்சிக்குப் பின் என்ன?

மின் அதிர்ச்சி கொடுத்தவுடன் நாடி திரும்பிவிட்டதா என்று பார்ப்பதே இயல்பு. 2005ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்கள் இதையும் மாற்றின. அதிர்ச்சி நடுக்கத்தை நிறுத்தினாலும் இதயம் உடனே வலுவாகத் துடிக்காது, களைத்துக் கிடக்கும். ஈ.சி.ஜி. திரையில் ஒழுங்கான கோடு ஓடும். கழுத்தில் துடிப்பே இருக்காது. எனவே அதிர்ச்சி கொடுத்த கையோடு 2 நிமிடம் நெஞ்சை அழுத்த வேண்டும், அதன் பிறகே பார்க்க வேண்டும் என்பது விதியானது.

தானியங்கி டிஃபிப்ரிலேட்டருக்கும் இந்த எல்லை உண்டு. அது அறிவது இதயத்தின் மின்சாரத்தை மட்டுமே, நாடியை அல்ல. நெஞ்சை அழுத்தும்போது தொடை இடுக்கில் தட்டுப்படும் துடிப்பையும் நம்ப முடியாது. அது தமனியில் செல்லும் இரத்தமாக இல்லாமல், சிரையில் பின்னோக்கித் தள்ளப்படும் இரத்தமாகவும் இருக்கலாம். ஆகவே மருத்துவமனைகளில் மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவின் அளவைக் கவனிக்கிறார்கள். அது திடீரென உயர்ந்தால் இரத்த ஓட்டம் மீண்டுவிட்டது என்பதற்கு நல்ல அறிகுறி.

ஊர்ப்புறத்தில் இதன் பொருள்

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூர் போற்றப்படுகிறது. வயலெங்கும் மோட்டார் கொட்டகைகள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் விவசாயிக்கு நேரக்கூடியது, கூவன்ஹோவன் ஆராய்ந்த அதே நடுக்கம்தான். வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தின்போது பெருங்கூட்டம் கூடுகிறது. அங்கும் ஒருவருடைய இதயம் நின்றுவிடலாம்.

மருத்துவ வசதி இல்லாத பகுதிகள் அல்ல இவை. பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும், வில்லியனூர்ப் பக்கம் அரியூரிலும் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ராமநாதபுரத்தில் ஜிப்மரின் ஊரக சுகாதார மையம் இருக்கிறது. ஆனால் நின்ற இதயம் ஆம்புலன்சுக்காகக் காத்திருப்பதில்லை. நெஞ்சை அழுத்தாமலும் அதிர்ச்சி கொடுக்காமலும் கழியும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. வரப்பின் மீது உட்கார்ந்து மணிக்கட்டைத் தடவிக் கொண்டிருக்கும் நேரம் அந்தக் கணக்கிலிருந்தே கழிகிறது.

2017இல் இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் பொதுமக்களுக்கென வகுத்த முறையும் இதையே எளிமையாக்கியது. வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை. நெஞ்சை அழுத்தினால் போதும். தட்டி எழுப்பியும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்திற்கு அழுத்த வேண்டும். மின்சாரம் தாக்கியவர் என்றால் அதற்கும் முன் மெயினை அணைக்க வேண்டும். இல்லையேல் தொட்டவரும் விழுவார். நாடி இருப்பவரைத் தவறுதலாக அழுத்திவிட்டாலும் பெருந்தீங்கு நேர்வது அரிது. நாடி இல்லாதவரை அழுத்தாமல் விட்டால் மரணம் உறுதி.

நாடிக் கலையின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. அமைதியாக அமர்ந்து நோய் அறிய அது உதவட்டும். ஒருவர் மூச்சின்றிக் கிடக்கும் வேளையிலோ கைகள் போக வேண்டிய இடம் மணிக்கட்டு அல்ல, மார்பு. பள்ளி மாணவர் முதல் வயலில் வேலை செய்வோர் வரை ஊரில் பத்துப் பேர் இதைக் கற்றிருந்தால், நாடி அடங்கிவிட்டது என்று கைவிடப்படும் உயிர்களில் சில திரும்பி வரும்.